தாய் ஓடாத ஓட்டம்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் தேடிப் பாருங்கள், அடுத்தவருக்குக் கோபம் வரச் செய்வதில் அவரை மிஞ்ச ஒரு ஆள் கிடைக்காது. கிழக்கே எழுவான்கரையில் பிறந்து, மேற்கே படுவான்கரையில் வேலை செய்து, இரண்டு கரையிலும் ஒழுங்காக ஏச்சு வாங்கின ஒரே அரசாங்க உத்தியோகத்தர் அவர்தான். அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிறது. இந்த வாரம் வேறு ஏதோ எழுதுவதாகத்தான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு விஷயம் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. அந்த மனுஷன் மேல் எனக்குள்ள கோபத்தை இன்றோடு எழுதித் தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் யாரும் சமாதானம் பேச வர வேண்டாம்.

அவருக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. மாதம் ஒருமுறை நான் அதை எழுதுவேன், மற்றபடி யாரும் பாவிப்பதில்லை. எல்லாருக்கும் அவர் தாய்வழி. ஆடு இருமினாலும், மாடு முட்டினாலும், பஸ் சாரதி திடீரென்று பிரேக் போட்டாலும், “தாய்வழியக் கேட்டுப் பாருங்க” என்பதுதான் அவர் வாயில் வரும் முதல் சொல். அப்போது நான் படுவான்கரையில் கால்நடைகளுக்கான ஒரு சின்னக் கந்தோரில் எழுதுவினைஞர். அவர் மாடுகளுக்கு ஊசி போடுகிறவர். ஐம்பதைத் தாண்டின வயது. கலியாணம் இல்லை. இடது முழங்காலில் வருத்தம். கன்னத்துக்குள் எந்த நேரமும் வெற்றிலை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் மணித்தியாலம், என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

“புள்ள, உங்கட அம்மாக்குக் கோவம் வந்தா என்ன செய்வா?”

இது என்ன கேள்வி? புதுசாக வந்தவள் மரியாதைக்குப் பதில் சொல்லித் தொலைத்தேன். அம்மா யாரையும் ஏச மாட்டா, சட்டி மினுக்குவா என்றேன். உண்மைதான். அம்மாவுக்குக் கோபம் வந்தால் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த சட்டிகளையெல்லாம் எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்ப்பா. அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டால் மெதுவாகப் படலையைத் திறந்து வெளியே போய்விடுவார். தாய்வழி அதைக் கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எரிச்சலில் எட்டரையிலிருந்து மேசையின் ஒரே இடத்தை நான் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். அன்று பிடித்தது வியாதி.

எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சப் பிரிவு தாய் வழியாக வருவது. மற்ற ஊர்க்காரருக்காகச் சொல்லிவைக்கிறேன். அம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடிதான். அப்பா வேறு குடி. வீடு மகளுக்கு, மருமகன் பெட்டியோடு வந்து சேர வேண்டியவன். கோயிலில் குடிகுடியாகக் கூப்பிட்டு மரியாதை கொடுக்கும்போது அப்பா ஒரு முறைக்கு எழும்புவார், பிள்ளை வேறொரு முறைக்கு எழும்பும். இதெல்லாம் காணிக்கும் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் முன்னோர் போட்ட ஒழுங்கு. தாய்வழி என்ன செய்தார் என்றால், இந்த ஒழுங்கைத் தூக்கி மனிதரின் உள்ளுக்குள்ளும் மாட்டின் உள்ளுக்குள்ளும் வைத்துவிட்டார். கோபம், பயம், வெட்கம், அழுகை எல்லாம் குடி மாதிரித் தாயிடமிருந்துதான் இறங்குமாம். அப்பனிடமிருந்து மூக்கு வரும், முழங்கால் வருத்தம் வரும், அவ்வளவுதான். ஆம்பிளையின் கோபமும் பயமும் அவனோடு சுடலைக்குப் போய் அங்கேயே முடிந்துவிடும்.

தாயிடமிருந்தும் எல்லாம் இறங்காது. ஏசி முடித்த கோபம், ஓடி முடித்த பயம், அழுது முடித்த அழுகை எல்லாம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். விழுங்கினதுதான் இறங்கும். தாய் முடிக்காமல் விட்டதை மகள் முடிக்கப் பிறக்கிறாள், அவளும் விட்டால் அவளுடைய மகள். ஏழு தலைமுறைக்கு முந்தி எவளோ விழுங்கின ஒரு சொல்லுக்காக இன்றைக்கு ஒருத்தி மேசை துடைத்துக்கொண்டிருக்கிறாள் என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே. சம்பளம் என்னுடையது, தலையிடி என்னுடையது, கோபம் மட்டும் எவளோ ஒருத்தியுடையதா? அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையின் பொலிஷ் போய்விட்டது.

அத்தாட்சி கேட்டால் குடைக் கதையைச் சொல்வார். அது நடந்தபோது நானும் பதிவுக் கொப்பியோடு அங்கேதான் நின்றேன். ஒரு போடியாரின் பட்டியில் தடுப்பூசி போடப் போயிருந்தோம். பத்து வயல் வட்டைக்குச் சொந்தக்காரர், ஊரில் பெரிய மனுஷன். அவருடைய பட்டியில் ஒரு வெள்ளைப் புள்ளிப் பசுக்கன்று, கறுப்புக் குடையைக் கண்டால் போதும், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். யாரும் அதைக் குடையால் அடித்ததில்லை என்று போடியார் சத்தியம் செய்தார். தாய்வழி ஊசியை வைத்துவிட்டு வேலியில் ஏறி உட்கார்ந்து, கன்றின் தாயைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட யாரும் அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். கடைசியில் போடியாருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தத் தாய்ப் பசு சினையாக இருந்தபோது ஊசிக்காகக் கட்டையோடு கட்டியிருந்தார்களாம். மழை தூறியது. கந்தோரிலிருந்து வந்த ஒரு உத்தியோகத்தர் அதன் மூஞ்சிக்கு நேரே படாரென்று குடையை விரித்தாராம். பசு நடுங்கிக்கொண்டு நின்றதாம்.

அந்த உத்தியோகத்தர் எங்கள் கந்தோரின் தலைவர். நாங்கள் பெரியவர் என்போம். மிருக வைத்தியத்தில் பட்டம் எடுத்தவர், மாட்டைவிட வெயிலுக்குப் பயந்தவர், குடை இல்லாமல் கழிவறைக்கும் போக மாட்டார். அன்றும் குடையோடு பக்கத்தில் நின்றார்.

“கட்டிக் கிடந்தா ஓட ஏலுமா?” என்றார் தாய்வழி. “தாய் ஓடாத ஓட்டத்தத்தான் இவள் ஓடுறாள்.”

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? தாய் ஓடி முடித்தால் மகளுக்குத் தீரும் என்று வேலியிலிருந்து குதித்தார். தாய்ப் பசுவின் கயிற்றை அவிழ்த்தார், பெரியவரின் கையிலிருந்த குடையைப் பறித்தார், அதன் மூஞ்சிக்கு முன்னால் விரித்தார். பசு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு ஓடியது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. வேலியை உடைத்து, கொடியில் காய்ந்த போடியார் மனைவியின் சேலையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, கதிர் வந்த வட்டைக்குள்ளால் குறுக்காகப் போய், வாய்க்காலைத் தாண்டி மறைந்தது. பின்னேரம் தானாகத் திரும்பி வந்தது. சேலை வரவில்லை. போடியார் ஏசின ஏச்சை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

போடியாரிடமிருந்து மனு வந்தது. பெரியவர் விளக்கக் கடிதம் கேட்டார். தாய்வழி சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். “மேற்படி பசு ஏற்கெனவே ஓடியிருக்க வேண்டிய ஓட்டத்தையே அன்றைய தினம் ஓடியது. இதில் எனது பங்கு கயிற்றை அவிழ்த்தது மட்டுமே என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன்.” ஒரு சொல்லையாவது மாற்றுங்கள் என்று கெஞ்சினேன், மாட்டேன் என்றுவிட்டார். பெரியவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் பாடம் எடுத்தார். கன்று தாயின் பக்கத்திலேயே நிற்கிறது, தாய் வெருளுவதைப் பார்த்துத் தானும் வெருளப் பழகுகிறது, இதற்குக் குடியும் வேண்டாம், இரத்தமும் வேண்டாம், கூட இருந்தாலே போதும் என்றார். பார்த்துப் பழகினதாம். அந்த ஆள் சொன்ன எதையும் ஒத்துக்கொள்ள எனக்கு இன்றைக்கும் மனமில்லை. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த கிழமை போய்ப் பார்த்தபோது கன்று பழையபடி குடையைக் கண்டு ஓடியது. பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாய்வழி மூன்று நாள் வெற்றிலையை மென்று யோசித்துவிட்டு என் மேசைக்கு வந்து தீர்ப்பைத் திருத்தினார். பிறந்த பிறகு தாய் ஓடிப் பிரயோசனம் இல்லையாம். பிள்ளை வயிற்றுக்குள் கிடக்கும்போதே ஓடி முடித்துவிட வேண்டுமாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நல்லாப் பட்டேன்.

இனிச் சொல்லப்போவதில் கொஞ்ச தூரத்துக்குச் சிரிப்பு இல்லை.

எனக்குக் கலியாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் மூன்று மாதம். மாரி காலம். கால்நடைக் கணக்கெடுப்புக்கு உட்பக்கத்து ஊர்களுக்குப் போகிறவர்களின் பட்டியலில் பெரியவர் என் பெயரைப் போட்டார். குன்றும் குழியுமான பாதை, ட்ரக்டர் பெட்டியில் இரண்டு கிழமை. பயணம் கூடாது என்று டொக்டர் எழுதித் தந்த துண்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. பொம்பிளைப் பிள்ளைகள் எல்லாரும் கொண்டுவருவது இந்தத் துண்டைத்தான் என்றார். “சரி சேர்” என்றேன். போனேன். பத்தாம் நாள் பிள்ளை இல்லை.

பயணத்தால்தான் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார். டொக்டர் சொன்னது டொக்டரோடு இருக்கட்டும். ட்ரக்டர் பெட்டியில் இருந்தது நான். லீவு முடிந்து கந்தோருக்குப் போனேன், வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தேன், துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். பெரியவர் சுகமா என்றார், ஓம் சேர் என்றேன். அவ்வளவுதான் நான் பேசினது. தாய்வழி வாசலில் நின்று என் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருடைய வாயிலிருந்து தாய்வழியும் வரவில்லை, தந்தைவழியும் வரவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு மறுபடியும் தலை சுற்றியது. அம்மாவுக்கும் என் மனுஷனுக்கும் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் கந்தோரில் யாரோ கொண்டுவந்த எருமைத் தயிர்ச் சட்டியைக் கண்டு நான் மூக்கைப் பொத்தினதைத் தாய்வழி கண்டுவிட்டார். முப்பது வருஷமாக மாட்டுக்குச் சினை பார்த்த மனுஷனிடம் எதை மறைப்பது? அன்றிலிருந்து என் உயிரை எடுக்கத் தொடங்கினார்.

என் மனுஷன் பெரியகல்லாற்று ஆள். அங்கேயிருந்து கிழமைக்கு இரண்டு தரம் நல்ல மீன் வரும். பிள்ளைக்கு நல்லது என்று அம்மா கொடுவாத் தலையைக் குழம்பு வைத்து என் சாப்பாட்டுப் பெட்டியில் அடைத்துத் தருவா. பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் தலை இருக்காது. சோறு இருக்கும், குழம்பு இருக்கும், தலையை மட்டும் தாய்வழி எடுத்துத் தின்றுவிட்டு எனக்கு முன்னாலேயே முள்ளைத் துப்பிக்கொண்டிருப்பார். வரவுப் புத்தகத்தைக் கொண்டுபோய் ஊசிமருந்து வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் ஒளித்தார். என் மேசைக் காலில் ஒரு ஆட்டைக் கட்டினார், அது மாகாணத்துக்கு அனுப்ப வைத்திருந்த அறிக்கையில் பாதியைத் தின்றது. பெரியகல்லாற்று ஆட்களுக்கு மீன் பிடிக்கத் தெரியும், ஆக்கத் தெரியாது என்றார். தலை உள்ளே போன வாயால்தான் அதையும் சொன்னார்!

நான் ஆரையும் ஏசிப் பழகாதவள். முதல் நாள் பாதி வசனத்தோடு நின்றுவிட்டேன். அவர் நின்று காத்திருந்தார். “அவ்வளவுதானா?” என்றார். அடுத்த நாள் ஒரு முழு வசனம் வந்தது. ஒரு மாதத்தில் மூச்சு விடாமல் கால் மணித்தியாலம் ஏசினேன். நாலாம் மாதம் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லாமல் அரை மணித்தியாலம் ஏசுவேன். பத்து மணிக்குத் தேத்தண்ணியோடு பக்கத்துக் கந்தோர் ஆட்கள் கேட்க வருவார்கள். அவர் சுவரில் சாய்ந்து, கையிலுள்ள மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, பாட்டுக் கேட்கிறவர் மாதிரி நிற்பார். நான் களைத்து உட்கார்ந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு மாட்டுக்கு ஊசி போடப் போய்விடுவார். இப்படி ஒரு தோல் தடித்த மனுஷனோடு ஒரே கூரைக்குக் கீழ் இருக்க என்ன பாவம் செய்தேன் என்று வீட்டுக்குப் போய் என் மனுஷனிடம் அழுவேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, இப்ப நீ வீட்டில் மேசை துடைக்கிறதே இல்லை என்றார். அதுவா இப்போது முக்கியம் என்று அவருக்கும் விழுந்தது.

மாரி வந்தது, கணக்கெடுப்பும் வந்தது. பெரியவர் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பட்டியலை வாசித்தார். மூன்றாவதாக என் பெயர்.

இந்த முறை துண்டு இல்லாமலே வயிறு தெரிந்தது. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். நாலு மாதமாகத் தாய்வழி மேல் பழகின அத்தனை ஏச்சும் எங்கே போனதோ தெரியவில்லை. கை பேனாவை வாங்கிவிட்டது. வாய் ‘ச’ என்று தொடங்கிவிட்டது. அப்போது சுவர்ப் பக்கமிருந்து அவருடைய குரல் வந்தது.

“போகட்டும் சேர். போன முறையும் வாயத் திறக்காமப் போனவதானே.”

நான் திரும்பினேன். கையில் பேனாவுக்குப் பதில் வேறு ஏதும் இருந்திருந்தால் அந்த மனுஷன் அன்று வீட்டுக்குப் போயிருக்க மாட்டார். மிகைப்படுத்தி எழுதவில்லை. ஏச வாயைத் திறந்து அவரைப் பார்த்தேன். முகத்தில் நக்கல் இல்லை. மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. வெற்றிலையை மெல்லவில்லை. அடி வாங்க வந்தவர் மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். ஏச வேண்டிய ஆள் அவர் இல்லை என்று அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. திறந்த வாயை மூடாமல் மற்றப் பக்கம் திரும்பினேன்.

“போன முறை நான் சரி எண்டன் சேர். அந்தச் சரிக்கு நான் ஒரு பிள்ளையக் குடுத்தன். இந்த முறை சரி இல்ல. போக மாட்டன்.”

அதோடு நிற்கவில்லை. நாலு மாதப் பயிற்சி எல்லாம் ஒன்றாக வந்து இறங்கியது. தலையை நிமிர்த்தாமல் தள்ளிவிட்ட அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னேன். சுகமா என்று கேட்டதைப் பற்றிச் சொன்னேன். எனக்கு முந்தி அந்தக் கதிரையில் இருந்த பெண்கள் எத்தனை பேர் எத்தனை முறை இவரிடம் சரி சேர் சொன்னார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னேன். பெரியவர், எனக்கு வடிவாக எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தார். அந்த ஒரு வசனத்துக்காக இன்னும் பத்து நிமிஷம் ஏசினேன். முடித்தபோது மேசையில் சாத்தியிருந்த அவருடைய குடை கீழே விழுந்து கிடந்தது. அவர் என் பெயரை வெட்டினார். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் வெட்டினார்.

எனக்குப் பதிலாகப் போனது தாய்வழி. அந்த முழங்காலோடு இரண்டு கிழமை ட்ரக்டர் பெட்டியில் இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவரால் குந்தி இருக்க முடியாமல் போய்விட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “போனவதானே” என்று சொன்ன வாயோடு எனக்கு என்ன கதை? பிரசவ லீவு எடுக்கும்வரை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்த கையோடு ஒரு சட்டித் தயிரைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து படலையில் நின்றார். அம்மா கதிரை போட்டா. நான் முகம் கொடுக்கவில்லை. பிள்ளை பசியில் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தாள். அவர் தலையைச் சரித்து, சினை மாட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்கிற மாதிரி வெகுநேரம் கேட்டார். பிறகு முகமெல்லாம் வெளிச்சமாக நிமிர்ந்தார்.

“இது ஆருட கோவமும் இல்ல புள்ள. பழசு ஒண்டும் இல்ல. இது புதுசு, இவட சொந்தக் கோவம்.”

தயிர்ச் சட்டி, ஆடு, ஐஸ் பெட்டி, மீன் தலை, போனவதானே எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கியது. என்னைக் கட்டவிழ்த்து மூஞ்சிக்கு முன்னால் குடை விரித்திருக்கிறான் மனுஷன்! எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே அண்ணன் என்று கத்தினேன். சொல்லியிருந்தால் நீங்கள் நடித்திருப்பீர்கள், நடித்த கோபம் உள்ளுக்குள் ஒன்றையும் முடிக்காது என்றார். அன்றைக்கு அந்த அறையில் சொன்ன சொல்லுக்குத்தான் பயந்தேன், சொல்லிவிட்டு மூன்று நாள் எனக்கு நித்திரை இல்லை என்றும் சொன்னார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. அதை அவருக்குக் காட்ட விருப்பமில்லாமல், “அப்ப அந்த மீன் தலை?” என்று கேட்டேன்.

“அது ருசிக்குப் புள்ள” என்றார். கூசாமல்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். பிள்ளை மேசை துடைக்கிறாளா, சட்டி மினுக்குகிறாளா என்று பார்ப்பதற்காம். அவள் வளர வளர இரண்டு பேருக்கும் சண்டை. அவளுடைய சோற்றுக் கோப்பையிலிருந்தும் மீன் தலையைப் பறிப்பார். அவள் மணிக்கூட்டைக் காட்டி, பத்து நிமிஷம் இருங்க, ஏசிப்போட்டு வாறன் என்பாள். அவரை மாமா என்று கூப்பிடுவாள். மாமா என்றால் தாயோடு பிறந்தவன், ஒரே குடியாக இருக்க வேண்டும், நான் வேறு குடி என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். அவள் கேட்கமாட்டாள். அவருக்குக் கூடப்பிறந்த பெண்கள் இல்லை. ஒருமுறை என் மனுஷன், உங்களுடைய குணமெல்லாம் யாருக்குப் போகும் என்று பகிடியாகக் கேட்டார். ஆருக்கும் போகாது, ஆம்பிளைதானே, என்னோடு முடிஞ்சிரும் என்று சிரித்தார்.

போன மாரியில் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு நோவு மூன்று மாதமாக இருந்ததாம். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊரில் உள்ள பெண்களையெல்லாம் விழுங்காதே விழுங்காதே என்று வதைத்த மனுஷன், தனக்கு வந்ததைத் தண்ணி குடிக்கிற மாதிரி விழுங்கியிருக்கிறார். தன்னோடு முடிந்துவிடும் என்ற நினைப்பு! கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து தலையைத் தின்றுவிட்டுத்தான் போனார். அன்றைக்குக்கூட நோவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சாவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன், ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மணிக்கூட்டைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இனிப் போன ஞாயிறு. கந்தோருக்குப் புதுசாக வந்திருக்கும் பெரியவர் வெள்ளிக்கிழமை என்னை நாலு பேருக்கு முன்னால் ஒரு சொல் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாளாக யாரிடமும் அதைப் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு முன்னால் கொடுவாத் தலை. ஒரு கையால் நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேனாம். எனக்குத் தெரியாது. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. எட்டி என் கோப்பையிலிருந்து தலையை எடுத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே, கண்ணைத் தோண்டி, கன்னத்தைப் பிய்த்து, முழுவதும் தின்றாள். முள்ளைத் துப்பினாள். சுவரிலிருந்த மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“துடைச்சது போதும் அம்மா. ஆருக்கு ஏசோணும்? சொல்லுங்க, நான் கேக்கிறன்.”

ஏசினேன். அரை மணித்தியாலம் ஏசினேன். திங்கட்கிழமை போய் ஏச வேண்டிய ஆளுக்கும் ஏசினேன்.

அவருக்கும் என் மகளுக்கும் ஒரு சொட்டு இரத்த உறவு கிடையாது. குடி வேறு, ஊர் வேறு. ஆம்பிளையோடு முடிந்துவிடும் என்றவர் முடியவில்லை, என் மேசையில் உட்கார்ந்து மீன் தலை தின்றுகொண்டிருக்கிறார். கூட இருந்தாலே போதும் என்ற அந்தப் பழைய பெரியவர் சொன்னதுதான் சரியாகிவிட்டது என்பது எனக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் தெரியுமா? நீங்கள் சொன்னது பிழை அண்ணன், முழுப் பிழை என்று அவருடைய மூஞ்சிக்கு நேரே சொல்லி, வெற்றிலையைத் துப்பவிடாமல் ஒரு நாள் முழுக்கச் சண்டை பிடிக்க வேண்டும் போல் இருக்கிறது. இந்தக் கோபத்தை இன்றோடு தீர்ப்பதாகச் சொல்லித்தான் எழுதத் தொடங்கினேன். தீர்க்கப்போவதில்லை. இது ஒன்று மட்டும் எனக்குள் கிடக்கட்டும், மகளுக்குப் போகட்டும்.